பட்டாம்பூச்சிப் படக்குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 4 முறை கூடியது. பள்ளி மாணவர்களுக்கான படக்கண்காட்சி ஆகஸ்டில் நடந்தது. லென்ஸ் பராமரிப்பு வகுப்பு ஒன்றும் நடந்தது.

அடுத்து, கல்லாறு ஞாயிறு நடை: மேட்டுப்பாளையம் அருகே நீலகிரி அடிவாரத்தில் உள்ள கல்லாற்றுக்குப் பட்டாம்பூச்சிகளைப் படமெடுக்கப் போகும் நடை. சென்ற பொதுக்குழுவில் நான் கேட்டு, நீங்கள் ஒப்புதல் தந்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை 7 மணி, மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம். முதல் நடைக்கு 17 பேர் வந்தார்கள். ஜூலையில் 3 பேர். செப்டம்பரில் நானும் பொருளாளரும்தான். நிறுத்திவிடலாமே என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். ஏன் நிறுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி நடையில் ஓடையோர ஈர மணலில் காமன் புளூபாட்டில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. கறுப்பு இறக்கையில் நடுவே ஓடும் நீலப்பட்டை, வெயில் பட்டதும் கண்ணாடி போலத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சேலை நனைவதைப் பார்க்காமல் மணலில் படுத்து, முழங்கையை ஊன்றி, தன் நிழல் பூச்சிமேல் விழாதபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். "சார், பின்னாடி சொட்டு விடுது, பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். வாயால் உறிஞ்சிய தண்ணீரைப் பின்புறமாக விட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு வேண்டியது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புதான். இப்படி மணலில் கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். சொட்டு விழும் நொடி அவருடைய போனில் பதிவாகிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் அதையே எடுத்து எடுத்துப் பார்த்தார்.

ஸ்ரீரங்கம் பட்டாம்பூச்சிப் பூங்காவில் எடுக்கக்கூடாதா என்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் மலையடிவார ஓடையில், யானை போன தடத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து எடுத்த படத்தின் மகிழ்ச்சி வேறு. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை நம்மில் 5 பேர்தான் படம் எடுத்திருக்கிறோம். அதற்குக் கல்லாற்றைவிடப் பக்கத்தில் நமக்கு எந்த இடம் இருக்கிறது?

வரவு செலவு ஒழுங்காக இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். செலவு கொஞ்சம் கூடிவிட்டது, கண்காட்சிக்குப் படம் அச்சிட்டதில்தான். 46 உறுப்பினர்களில் 19 பேர் சந்தா கட்டவில்லை. இரண்டு பேர் இரண்டு வருடமாகக் கட்டவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை. துண்டு விழுந்ததை இரண்டு நிர்வாகிகள் கைக்காசு போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அது முறையல்ல.

வனத்துறைக்கும், அரங்கம் தந்த பள்ளிக்கும், தேநீர் ஏற்பாடு செய்த நண்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். ஞாயிறு நடையை மட்டும் விடாமல் நடத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஏப்ரல் மே மாதங்களில், புளூ டைகர், வெண்புள்ளிக் கருப்பன் பட்டாம்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். அதைப் படமெடுக்க வேன் வைத்துப் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். வருகிறவர்கள் இம்மாதக் கடைசிக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். வேனுக்கு முன்பணம் கட்டச் சங்கத்தில் இப்போது பணம் இல்லை.

செயலாளர்