மலையின் சதுப்பையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு நீலகிரியின் முக்குருத்தி மலையில் பைக்காரா ஆறாகப் பிறந்து, மாயாறாக இறங்கி, பவானிசாகர் வந்து சேருகிறது.

அங்கே சோலைக்காடுகளுக்கு இடையில், ஓடைப் பள்ளங்களில், மக்கிய புல்லும் பாசியும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கறுப்புச் சதுப்பு இருக்கிறது. காலை வைத்தால் மெத்தைபோல் அமுங்கும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்கிற புல்லும் சதுப்பில்தான் வளர்கிறது.

முக்குருத்தி 1990-ல் தேசியப் பூங்காவானது. பரப்பு சுமார் 78 சதுர கி.மீ. சரி, அதற்கு வெளியே? ஊட்டியைச் சுற்றிய பள்ளங்களில் வடிகால் வெட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டாகிவிட்டது. விவசாயியான நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வடிந்த சதுப்பு திரும்ப வராது. மிச்சமிருப்பதை ஒவ்வொன்றாக அளந்து, எல்லை குறித்து, பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாக அரசு அறிவிக்க வேண்டும். அடுத்த கோடைக்குள் அந்த வேலை தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பாசன விவசாயி,
கோபிசெட்டிபாளையம்