பளபளப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள்

சென்னையில் பழைய கார் கண்காட்சிகளுக்கும் அணிவகுப்புகளுக்கும் நடுவர்களாக வரும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம்.

"ஒரிஜினல் வீலுக்கு விலை நிக்குமா?" பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவரும் சரி, விற்கிறவரும் சரி, பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதிலில் பாதி சந்தையில் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் கையில் உள்ள மதிப்பெண் தாளில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒன்றிய அரசு 2021-ல் கொண்டுவந்த விதியில், 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' எழுத்து சேர்ந்த தனிப் பதிவெண் கிடைக்கிறது. சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த வரிசையில் சக்கரம் இல்லை. ஆக, மாட்டியிருக்கும் சக்கரம் அந்த வண்டியோடு பிறந்ததுதானா என்று பார்க்க இந்த ஊரில் உங்களை விட்டால் ஆள் இல்லை. நீங்களோ அதில் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறீர்கள்.

முகம் தெரிந்தால் முழு மதிப்பெண். போன வருடம் வந்த மதிப்பெண்ணைக் காட்டித்தான் இந்த வருடம் வண்டியின் விலை பேசுகிறார்கள். விளைவு என்னவென்றால், அசல் சக்கரம், தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் மோட்டாருக்கும், குரோம் முலாம் பூசும் தொட்டிக்கும் போகிறது. பாலிஷ் ஏறாத சக்கரம் காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது.

கம்பிச் சக்கரத்திலிருந்து தொடங்குகிறோம், அதிகத் தவறு அங்கேதான் நடக்கிறது. ஜாகுவார் இ-டைப்பின் 72 கம்பி, 15 அங்குலச் சக்கரம் சாதாரணமாகத் தொழிற்சாலையிலிருந்து வெள்ளிநிறப் பெயின்ட்டோடுதான் வந்தது. கூடுதல் பணம் கட்டியவருக்குத்தான் குரோம். எம்ஜிபி-யின் 60 கம்பி, 14 அங்குலச் சக்கரத்திலும் பெயின்ட் அடித்ததே அதிகம். இன்று பெயின்ட் சக்கரத்தோடு வருகிறவர் "இன்னும் வேலை முடியவில்லை போல" என்ற பார்வையைச் சந்திக்கிறார். அடுத்த முறை குரோமோடு வருகிறார்.

அந்தக் குரோமில் ஆபத்து இருக்கிறது. பிளேட்டிங்குக்கு, அதாவது முலாம் பூசுவதற்கு, முன் கம்பியை ஆசிடில் முக்குகிறார்கள். அங்கேயும், பிறகு தொட்டியிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் ஏறிக்கொள்ளும். தொட்டியிலிருந்து எடுத்த நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் விட்டால்தான் அது வெளியேறும். பம்பருக்கும் கதவுக் கைப்பிடிக்கும் குரோம் போடும் கடையில் இந்த அடுப்பு வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. அப்படி வந்த கம்பி வளையாது, முனகாது. ஒரு நாள், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் பக்கத்து வளைவில் பட்டென்று முறியும். ஒன்று போனால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும், அவையும் அதே தொட்டியில் முங்கியவைதான்.

அசல் கம்பிச் சக்கரத்துக்கு விலை நிற்குமா என்றால், பெரும்பாலும் நிற்காது. அது தேயும் பொருள். நடு ஹப்பின் உள்ளே இருக்கும் பல்வரிசைதான் வண்டியின் இழுவையையும் பிரேக்கின் உதைப்பையும் தாங்குகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கட்டும். 'டொக்' என்று ஓர் ஆட்டம் கையில் தெரிந்தால் பல் தேய்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் தட்டையாக இருக்க வேண்டிய பல்முனை கத்திபோல் கூர்ந்திருக்கும். அதற்குப் பிறகு பஃபிங் செய்து பயனில்லை. சக்கரத்தை மட்டும் புதிதாக வாங்கி, வண்டியின் அச்சில் இருக்கும் பழைய ஹப்பில் மாட்டினால், தேய்ந்த ஹப் புதுப் பல்லையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கம்பிச் சக்கரம் தாராளமாகக் கிடைக்கிறது, இந்தியாவிலேயே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பழையதன் விலை ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம். விதிவிலக்கு இத்தாலிய வண்டிகளில் வரும் மிலான் நகரத்து பொரானி நிறுவனத்தின் சக்கரம். ரிம்மில் முத்திரையும் ஆர்.டபிள்யூ எண்ணும் அழியாமல் இருந்தால் அதற்குத் தனி விலை.

கம்பி இருந்தாலே அழகு என்று மதிப்பெண் போடுவதையும் சொல்லியாக வேண்டும். எம்ஜி நிறுவனத்தின் டிசி காருக்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரம் சரி. அதற்கு அடுத்து வந்த டிடி, 15 அங்குல இரும்பு டிஸ்க் சக்கரத்தோடு வந்த வண்டி. 1953-ல் வந்த டிஎஃப்-பில்தான் கம்பிச் சக்கரம் விருப்பத் தேர்வாகத் திரும்பியது. கம்பி மாட்டிய டிடி பரிசு வாங்கினால், டிஸ்க்கோடு வந்த நேர்மையான டிடி-யின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

விலை உண்மையிலேயே நிற்பதும் ஏறுவதும், அடித்து உருவாக்கிய அலுமினியச் சக்கரத்தில்தான். போர்ஷ 911 எஸ்-ஸுக்காக ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகனில் உள்ள ஃபுக்ஸ் நிறுவனம் 1966-ல் கொண்டுவந்த ஐந்திதழ்ச் சக்கரம் இதற்கு நல்ல உதாரணம். முதலில் வந்தது 15 அங்குலத்தில் நாலரை அங்குல அகலம். பிறகு ஐந்தரை, ஆறு என்று அகலம் கூடியது. தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அடையாளம் பின்பக்கம் இருக்கிறது. பாகத்தின் எண், அளவு, அடித்த மாதம், வருடம் எல்லாம் அங்கே குத்தியிருக்கும். வண்டி தயாரான தேதிக்குச் சில மாதம் முந்தைய தேதி நாலு சக்கரத்திலும் இருந்தால் அது ஒரு 'செட்'. மூன்று பொருந்தி நாலாவது பத்து வருடம் பிந்தியது என்றால், அதை வாங்கத் தெரிந்தவர் வேறு கணக்குப் போடுவார்.

இந்தச் சக்கரத்தின் அசல் மேற்பூச்சு அனோடைசிங், மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேலேயே உருவாக்கும் மெல்லிய காப்புப் படலம். பஃபிங் மோட்டாரில் பிடித்தால் போய்விடும். போன பிறகு நம் கடற்கரை உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது, மங்கும். மறுபடி பஃபிங், மறுபடி மங்கல். நாலைந்து சுற்றில் இதழின் விளிம்பு மழுங்கி, குத்திய எழுத்தும் கரையும். எழுத்து போன சக்கரம் அசலாகவே இருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லை. பெயின்ட் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் இன்னொரு வம்பு. சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய உலோகத்தை 200 டிகிரி அடுப்பில் ஏற்றுவதும், அதையே திரும்பத் திரும்பச் செய்வதும் அந்த வலுவைக் குறைக்கும். மங்கலான அனோடைசிங்கோடு வந்த சக்கரத்துக்கு நீங்கள் மதிப்பெண் வெட்டும்போது, விற்பனை விலையையும் சேர்த்து வெட்டச் சொல்கிறீர்கள்.

மெக்னீசியச் சக்கரம் தனிக் கதை. லம்போர்கினி மியூரா காரின் கம்பான்யோலோ சக்கரம், 60-களின் இங்கிலாந்து மினிலைட் சக்கரம் எல்லாம் இந்த இனம். அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு, உப்பு பட்டால் அரிப்பு பல மடங்கு. மெக்னீசியமா அலுமினியமா என்று சந்தேகம் வந்தால் உள்பக்கம் ஓர் ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம். அலுமினியத்தில் ஒன்றும் நடக்காது. சோதித்த இடத்தை உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். இரும்பு கிளிப் வைத்த பேலன்சிங் எடையை இதில் மாட்டவே கூடாது. இரும்பும் மெக்னீசியமும் ஈரத்தில் சேர்ந்தால் மெக்னீசியம் தன்னையே கரைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளித்து உள்ளே வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். (பட்டறையில் இதைக் கிரைண்டரில் பிடிப்பவர்களுக்கு: பொடி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ந்த மணல் போடுங்கள்.)

ஓட்டும் முன் பெயின்ட்டை முழுக்க எடுத்துவிட்டுச் சாயச் சோதனை செய்தாக வேண்டும். சிவப்புச் சாயம் பூசி, பத்திருபது நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். நட்டு உட்காரும் துளையைச் சுற்றியும், ஆரக்கால் ரிம்மைத் தொடும் மூலையிலும் கூர்ந்து பாருங்கள். தேறினாலும் 50 வருட மெக்னீசியத்தை ஈசிஆர் வேகத்தடைகளில் ஏற்றி இறக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இன்றைய மதிப்பெண் முறை கட்டாயப்படுத்துகிறது. நகல் சக்கரத்தோடு வந்தால் வெட்டு, அசலோடு வந்தால் பரிசு. அசல் செட்டை எண் தெரியும்படி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அலுமினிய நகலில் ஓட்டி வருகிறவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். விலை கெடாமலும் உயிர் போகாமலும் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து ஸ்டெப்னி. டிக்கியைத் திறந்து பார்க்கும் நடுவர்கள் குறைவு. ஆனால் ஒரு வண்டியின் அசல் நிறமும் மேற்பூச்சும் எப்படி இருந்தன என்பதற்கு நம்பகமான சாட்சி பெரும்பாலும் அந்த ஐந்தாவது சக்கரம்தான். வெயிலும் மழையும் பிரேக் தூசியும் படாமல் இருட்டில் கிடந்திருக்கும். மற்ற நாலையும் புதுப்பிக்கும்போது அதையும் சேர்த்து அனுப்புவதுதான் பெரும் தவறு. அது தொடாமல் இருக்கட்டும் என்று எத்தனை சொன்னாலும், "நாலு பளிச்சுன்னு இருக்கு, இது மட்டும் அழுக்கா இருக்கே" என்று கொண்டுபோய் விடுகிறார்கள். தொடாத ஸ்டெப்னிக்கு உங்கள் தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இரும்பு டிஸ்க் சக்கரத்துக்குப் பெரிய விலை ஒருநாளும் வராது. என்றாலும் நம் ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். 13 அங்குலம், நாலு நட்டு, நட்டுகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு மூன்றே முக்கால் அங்குலம் (95.25 மில்லிமீட்டர்). ஹெரால்டு சக்கரம் ஸ்பிட்ஃபயரில் உட்காரும். ரிம் அகலம் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும், அளந்து பார்க்க வேண்டும். புதுப்பேட்டையில் எடைக்குக் கிடக்கும் ஹெரால்டு சக்கரங்களைக் கோட்டம் பார்த்து, நட்டுத்துளை நீள்வட்டமாகவில்லை என்று உறுதிசெய்து எடுத்துவைப்பவர்களுக்கு ஸ்பிட்ஃபயர்காரர்கள் நன்றி சொல்வார்கள்.

இன்சூரன்ஸில், ஐந்து வயது தாண்டிய வண்டியின் மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. சக்கரங்களின் பின்பக்க எண்களோடு படம் இருந்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். உங்கள் தாளில் அந்த எண்கள் பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் கேட்பது பெரிய வேலை இல்லை. ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம். ஆரக்காலின் பின்பக்க எண்ணைப் படியுங்கள். கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும், தளர்ந்தது 'டப்' என்னும். நுண்ணிய ஆட்டத்தை முள் காட்டி அளக்கும் டயல் கேஜில், சக்கரம் சுழலும்போது பக்கவாட்டுக் கோட்டமும் மேல்கீழ் கோட்டமும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்புக்கு இருக்கும் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இவற்றை எழுதுங்கள்.

அடுத்த தாள் அச்சுக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டால் வருகிறோம். டயல் கேஜும் ஜாக்கியும் எங்களிடம் இருக்கின்றன. டார்ச்சும், பல் மருத்துவர் வைத்திருப்பதுபோல் நீளக் கைப்பிடி போட்ட சின்னக் கண்ணாடியும் நீங்கள் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய கார்ச் சக்கரங்களோடு வேலை செய்யும் சிலர்,
சென்னை