தெருமுனைச் சுவரின் பதினோரு முகங்கள்: நன்கொடை வேண்டுகோள்

இராயப்பேட்டை மக்களுக்கும், இங்கே பிறந்து வளர்ந்து இப்போது வெளியூர்களில் இருக்கும் நம்மவர்களுக்கும் வணக்கம்.

நம் தெருமுனைச் சுவரை இடிக்கப் போகிறார்கள். 42 அடி நீளம், 9 அடி உயரம் உள்ள சுவர். மனைக்குச் சொந்தக்காரர் அடுக்குமாடி கட்டுகிறார். அது அவர் உரிமை. அவர்மேல் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. சித்திரை முடியும்வரை சுவரைத் தொடமாட்டேன் என்று அவராகவே வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடிக்க வேண்டிய வேலைக்காகத்தான் உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

சுவரில் என்ன இருக்கிறது என்று இந்தத் தெருக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். 2011இல் வரைந்த பதினோரு முகங்கள். எல்லோரும் நம் தெருவில் வாழ்ந்தவர்கள். கூடையை இடுப்பில் வைத்துத் திரும்பிப் பார்க்கும் மீன்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர், மெஷினில் குனிந்திருக்கும் தையற்கடை பாய், ரிக்‌ஷா தாத்தா, பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்ற ஆயா. இவர்களில் ஆறு பேர் இப்போது உயிரோடு இல்லை. மீன்காரம்மாவின் பேத்தி பாட்டியை நேரில் பார்த்ததே இல்லை, சுவரில்தான் பார்த்திருக்கிறாள்.

வரைந்தவர் யார் என்று சுவரில் எழுதியிருக்காது. நாங்கள் வாத்தியார் என்று கூப்பிடும் அந்த ஓவியர் கையெழுத்துப் போட்டுப் பழகாதவர். பதினாறு வயதில் பேனர் கம்பெனியில் தூரிகை கழுவச் சேர்ந்து, இருபத்தைந்து வருடம் சினிமா பேனரும் கட்அவுட்டும் வரைந்தார். மூலையில் கம்பெனி பெயர் இருக்கும். வரைந்தவன் பெயர் எங்கேயும் இருக்காது. இந்த வேண்டுகோளிலும் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், ஒப்புக்கொண்டோம். ஆனால் கண்காட்சி வாசலில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆயிற்று.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டு, கரிக்கோட்டில் முகத்தை இறக்குவார். பிறகு தாடைக்குக் கீழே பச்சையை இழுப்பார். கன்னத்தில் ரோஸ், கண்ணுக்கு அடியில் நீலம். சாரத்துக்குப் பக்கத்தில் நின்றால் வெறும் நிறக் கீற்றுகளாகத்தான் தெரியும். இறங்கி, ரோட்டைக் கடந்து, டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மறுபடி ஏறிக் கருவிழியில் வெள்ளையில் ஒரே ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான், மீன்காரம்மா நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஐம்பதடி தள்ளி பஸ்ஸில் போகிறவனுக்கும் முகம் தெரிய வேண்டும் என்று பிறந்த வித்தை அது.

அந்த வித்தையில் மிஞ்சியது மிகக் குறைவு. படம் ஓடி முடிந்ததும் பேனர் துணிக்கு வெள்ளை அடித்து அதன்மேலேயே அடுத்த படத்தை வரைவார்கள். கட்அவுட் பலகையும் அப்படித்தான். கிழிந்த துணி குடிசைக்கூரைக்குப் போகும். அண்ணா சாலையில் அண்ணாந்து பார்த்த அத்தனை முகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அழிந்துபோயின. 2000க்குப் பிறகு பிளக்ஸ் வந்ததும் வேலையே போயிற்று. பல நாள் வேலை ஒரு ராத்திரியில் அச்சாகி வந்தது. பலர் வாட்ச்மேன் வேலைக்கும் ஆட்டோவுக்கும் போனார்கள். 2009, 2010 வாக்கில் மாநகராட்சி, சுவரொட்டிகளுக்குப் பதிலாகச் சுவர்களில் ஓவியம் தீட்டச் சொன்னபோது பழைய பேனர் கைகள் சிலவற்றுக்கு மறுபடி தூரிகை கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் நம் தெருக்காரர்கள் பெயிண்டுக்குக் காசு சேர்த்து வாத்தியாரிடம் இந்தச் சுவரைக் கொடுத்தார்கள்.

சென்ற ஆடி மாதம் ஒரு வியாபாரி வந்தார். மீன்காரம்மா இருக்கும் பகுதியை மட்டும் செங்கல்லோடு அறுத்து எடுத்துக்கொள்கிறேன், நல்ல விலை தருகிறேன் என்று சுவர்க்காரரிடம் பேசினார். சுவர்க்காரர் நம்மிடம் வந்து சொன்னார். அந்த நல்ல மனதை இங்கே பதிவு செய்கிறோம். வாத்தியாரைக் கேட்டோம். “பத்து பேர் நடுவுல நிக்கிற அம்மாவை மட்டும் பேத்துட்டுப் போனா, அந்தம்மா யாரைத் திரும்பிப் பாக்கும்?” என்றார். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இது நம் தெருவுக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. நியூயார்க்கில் கீத் ஹாரிங் என்ற இளைஞர் 1980களின் முதற்பாதியில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள், விளம்பரம் காலியான பலகைகளில் ஒட்டிய கறுப்புத் தாளில், வெள்ளைச் சாக்பீஸால் வரைந்துகொண்டே போனார். பெயர் பரவியதும் ஆட்கள் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போய் விற்க ஆரம்பித்தார்கள். அதனால் அங்கே வரைவதையே நிறுத்திவிட்டார். அவர் காட்சிக்கூடங்களை வெறுத்தவர் அல்ல; 1982லேயே கூடத்தில் கண்காட்சி வைத்தவர். ஆனாலும் சுவரை விடவில்லை. 1989இல் இத்தாலியின் பீசா நகரில் ஒரு தேவாலயத்தின் சுவர் முழுக்க வரைந்தார். அடுத்த வருடம் 31 வயதில் இறந்துபோனார்; அந்தச் சுவர் இன்றும் தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. நம் நாட்டிலும் எம்.எப். உசேன் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை வரைந்து வயிறு வளர்த்தவர்தான். தெருவிலிருந்து கூடத்துக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் வரைந்தவனும் கூடப் போக வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அவரிடம் சொல்லாமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். வழக்கு நடந்து 2005இல்தான் தீர்ப்பு வந்தது. மிஞ்சிய துண்டுகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. படைத்தவனுக்கு உரிமை இருக்கிறது என்பதில் மகிழ்ச்சி. ஆனால் வாத்தியாருக்கு 71 வயது. கோர்ட்டு வாசலில் நிற்க நேரமில்லை, சண்டை போட எதிராளியும் இல்லை.

ஆகவே செய்யப்போவது இது. சுவர் நிற்கும்போதே, அதன் எதிரில் உட்கார்ந்து, பதினோரு முகங்களையும் வாத்தியார் தன் கையாலேயே கித்தானில், அதாவது கான்வாஸ் துணியில், மறுபடி வரைவார். நகலெடுப்பது என்று இதைச் சொல்லக்கூடாது. 2011இல் அவசரத்தில் விட்டதை இப்போது சரிசெய்யப் போவதாகச் சொல்கிறார். பாயின் கை அவருக்கு அப்போதே திருப்தியில்லையாம். முடிந்ததும் நகரில் ஒரு காட்சிக்கூடத்தில் பத்து நாள் கண்காட்சி. பிறகு நம் சங்கக் கட்டடத்தின் தெருப்பக்கச் சுவரில் புதிதாக ஓர் ஓவியம். முகங்களை நீங்கள் சொல்லலாம்.

மொத்தச் செலவு 6,20,000 ரூபாய். வாத்தியாருக்கு நாளுக்கு 2,500 வீதம் 60 நாளுக்கு 1,50,000. கூட வேலை செய்யும் இரண்டு பேருக்கு நாளுக்கு 1,200 வீதம் 1,44,000. ஒருவர் அவரோடு கம்பெனியில் எழுத்து எழுதியவர், இன்னொருவர் இப்போது கற்றுக்கொள்ளும் நம் தெருப் பெண். கித்தானும் சட்டமும் முகத்துக்கு 8,000 வீதம் 88,000. வர்ணம், எண்ணெய், தூரிகை 60,000. காட்சிக்கூட வாடகை, வண்டி, விளக்கு 1,10,000. புதுச் சுவருக்குப் பூச்சு, பிரைமர், சாரம் 68,000.

கூலிக்கே கிட்டத்தட்டப் பாதி போகிறதே என்று சிலர் கேட்டார்கள். போகட்டும் என்றுதான் முடிவு செய்தோம். இந்தக் கலைஞர்களைக் கூப்பிட்டு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, பஸ் காசுகூடக் கொடுக்காமல் அனுப்பிய விழாக்களை நாங்களே பார்த்திருக்கிறோம். வாத்தியார் வீட்டில் பொன்னாடைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

கித்தான் ஓவியங்களை விற்கலாமா என்பதில் குழுவுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. விற்றால் வியாபாரி செய்ய வந்ததற்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்றார் ஒருவர். விற்காவிட்டால் பெரியவர் கடைசிவரை கூலிக்காரராகவே இருப்பாரே என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயம். கடைசியில் வாத்தியாரே தீர்த்தார்: மறைந்த ஆறு பேரின் முகங்களை விற்பதில்லை, அவை சங்கக் கூடத்தில் இருக்கும். மற்ற ஐந்தை, அந்தந்த ஆட்களும் சம்மதித்தால், விற்கலாம். வரும் பணம் முழுக்க அவருக்கு.

இதுவரை 1,74,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இன்னும் 4,45,500 வேண்டும். ஒரு நாள் கூலியை ஏற்கலாம், ஒரு முகத்துக்குக் கித்தான் வாங்கித் தரலாம். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. பெயர் பலகையில் ஏறும், வேண்டாம் என்றால் ஏறாது. பணம் முடியாதவர்கள் சவுக்குக் கம்பு, பலகை, சாரக்கயிறு தரலாம். பரணில் பழைய பேனர் துணி மடித்துக் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சொல்லி அனுப்புங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். சுவரில் இருப்பவர்களின் பழைய போட்டோ இருந்தாலும் கொடுங்கள். குறிப்பாக மாங்காய் ஆயாவின் முகம் மழைநீர் வழிந்து பாதி கரைந்துவிட்டது. அவர் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

பொருளாளர் தினமும் மாலை 6 முதல் 8 மணிவரை சங்கக் கட்டடத்தில் இருப்பார். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தை இரண்டாம் வாரம் வேலை தொடங்குகிறது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தெருச்சுவர் ஓவியப் பாதுகாப்புக் குழுவினர்