அரைப்பேர் போடாதே

அன்பு மச்சான்,

என் தங்கச்சியின் கருமாதிக்கும் வராமல், பத்து மாதமாய் ஒரு கடிதமும் போடாமல் இருந்தவனை நீ திட்டியது காணாது. கால் வீக்கம் வற்றிவிட்டது, சீனிதான் இறங்கமாட்டேன் என்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம்.

திதிக்கு அச்சடிக்கப்போகும் நினைவு மலரின் பிரதி கிடைத்தது. தயவுசெய்து அச்சுக்குக் கொடுத்துவிடாதே. "பண்பின் சிகரம், பாசத்தின் இமயம்" என்று பேத்தி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். தங்கச்சி படித்தால் "யாரு வீட்டுத் திதிங்க?" என்று கேட்டிருக்கும்.

முதலில் பிழையைத் திருத்து. "1951இல் இலங்கைப் பிரஜையாகப் பிறந்து" என்று போட்டிருக்கிறாள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தேயிலைத் தோட்டத்து நம்மாட்களை வெளியே நிறுத்திவிட்டார்களே! 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். தங்கச்சிக்குப் பிரஜாவுரிமை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. அப்போது வயது 52. இதைப் பேத்தி தெரிந்துகொண்டு எழுதட்டும்.

அடுத்தது, "தோட்டத்தில் கடுமையாக உழைத்தார்." நாற்பது வருசத்துக்கு ஒரே வரியா மச்சான்?

கொழுந்து பறித்த அந்தக் கையைப் பற்றி எழுதச் சொல். இரண்டு இலை, ஒரு மொட்டு. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒடிக்க வேண்டும், நகத்தால் கிள்ளக்கூடாது. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குப் போய்விட வேண்டும். பேராசையில் இன்னும் கொஞ்சம் என்று பொத்திப் பிடித்தால் கொழுந்து கசங்கிச் சூடேறும், தொழிற்சாலை ஸ்டோருக்குப் போகுமுன்னமே சிவந்துவிடும். கூடையை அமுக்கினாலும் அதே கதி. சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது. பறிக்கும் மட்டம் காட்டச் செடிமேல் வைக்கும் மட்டக்கம்புக்குக் கீழே கை போனால் செடியின் பராமரிப்பு இலையும் சேர்ந்து போய், அடுத்த கவ்வாத்து வெட்டுக்குள் செடி இளைத்துவிடும். மொட்டு அடங்கி நிற்கும் குருத்தையும் ஒடித்துப் போட வேண்டும், விட்டால் செடி தூங்கிவிடும். ஏழு நாளில் திரும்ப வேண்டிய மலைக்குப் பத்து நாள் கழித்துப் போனால் இலை முற்றி, பாதியைப் பொறுக்கி வீசத்தான் நேரம் சரியாக இருக்கும். வீசியது நிறையில் வராது. மழைநாளில் தண்ணீருக்கென்று கழிக்கும் கிலோ வேறு. அதனால் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு வேண்டிய கிலோவுக்கு, கொஞ்சம் குறைந்தாலும் செக்ரோல் என்ற வேலைப் பதிவில் அரைப்பேர், அரைநாள் சம்பளம். கையில் பிழையே இல்லாத நாளிலும் அரைப்பேர்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பேத்தி எழுதியதில் ரொட்டி ஒன்றுதான் உருப்படி. அதிலும் அளவைக் காணோம். அரைக் கிலோ கோதுமை மாவுக்கு அரைமுறித் தேங்காய்ப்பூ, உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். பிசைந்து இருபது நிமிசம் மூடி வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்து உடனே தட்டினால் மத்தியானத்துக்குள் மலையில் தோலாகிவிடும். மகளிடம் கேட்டுச் சரிபார்.

படத்துக்கு அடையாள அட்டையைப் பெரிதாக்காதே, முகம் கலைந்துவிடும். மகள் கலியாணப் படத்தில் உன்னை வெட்டிவிட்டுப் போடு, எப்படியும் நீ கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறாய்.

திருத்திய பிரதியைச் சனிக்கிழமைக்குள் அனுப்பு. தங்கச்சி கூடை மாட்டிய தலைக்கயிறு இன்னும் தோட்டத்து வீட்டுக் காம்பராவில் தொங்கினால் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே.

உன் மச்சான்