கல்லூரிக்குப் போகும் அண்ணன் மகளுக்கு, ஆறு வாரம் கழித்து

அன்புள்ள கண்ணு,

சித்திரையில் வந்திருந்தபோது என் புது லேப்டாப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அத்தை, பி.காம். சி.ஏ.வுக்கு இந்த மாதிரி ஒன்னு போதுமா?" என்று கேட்டாய். அன்றைக்கு அதை வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்று நாளில் எந்த லேப்டாப்பும் நல்ல லேப்டாப்தான், அதனால் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது ஆறு வாரம் ஆகிவிட்டது. தினமும் ஆறேழு மணி நேரம் இதில்தான் மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

போதும் கண்ணு. முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சத்துக்கு இது உன் படிப்பைத் தாங்கும். ஆனால் கடையிலேயே திரையை நன்றாகப் பார்த்து வாங்கு.

நான் பார்க்காமல் விட்டது அதைத்தான். கடைக்காரர் பிராசசரைப் பற்றியே பேசினார், நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் கட்டுரையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் எழுத்து மங்குகிறது. மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி சில இடங்களில் கண்ணுக்கே படவில்லை. 'க'வா 'க்'கா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை. எழுத்தளவை 125 சதவீதத்திலிருந்து 150-க்கு ஏற்றினேன், மேசையை ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளினேன். சமாளிக்க முடிகிறது, ஆனால் திரை மாறவில்லை. விவரப் பட்டியலில் '250 நிட்ஸ்', '45% என்.டி.எஸ்.சி.' என்று சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். முதலாவது வெளிச்சம், இரண்டாவது நிறம். இந்த விலையில் இரண்டுமே இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகிறதா என்று மட்டும் கட்டாயம் பார். திரையில் டி.என்., ஐ.பி.எஸ். என்று வகைகள் உண்டு. டி.என். என்றால் அப்படி ஆகும், ஐ.பி.எஸ். என்றால் அவ்வளவாக ஆகாது.

மற்றக் குறைகளுக்கெல்லாம் ஏதாவது வழி இருக்கிறது.

முதல் வாரம் இது ஊர்ந்தது. திரும்பக் கொடுத்துவிடலாமா என்றுகூட உன் அப்பாவிடம் கேட்டேன். அந்த வாரம் முழுக்கப் பின்னால் அப்டேட்கள் இறங்கிக்கொண்டிருந்தன, தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் வேலை ஓடிக்கொண்டிருந்தது, கூடவே வந்த ஆன்டிவைரஸ் ஒருபக்கம் எல்லாவற்றையும் சோதித்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எது எவ்வளவு தின்கிறது என்று தெரியும். சோதனைக் கால ஆன்டிவைரஸை நீக்கினேன். விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது, அது போதும். கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் செயலிகளில் ஐந்தை நிறுத்தினேன். இரண்டாவது வாரம் வேறு லேப்டாப் மாதிரி ஆகிவிட்டது.

கோப்புகளைச் சேமிக்கும் இடம் 512 ஜி.பி. என்று வாங்கியது 476 என்று காட்டினால் பதறாதே. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ரேம்தான் அடுத்தது, திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். இதில் 8 ஜி.பி. இருக்கிறது, அதிலும் ஒரு பங்கைத் திரைக்கான கிராபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. வேர்டு, இரண்டு பி.டி.எஃப்., பிரவுசரில் பத்துத் தாவல் என்று திறந்தால் மூச்சு வாங்குகிறது. உனக்கு டேலியும் எக்ஸலும் ஆன்லைன் வகுப்பும் ஒரே நேரத்தில் ஓடும். அதனால் "காலி ரேம் ஸ்லாட் இருக்கிறதா?" என்று கடையில் வாய்விட்டுக் கேள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. என்னுடையதில் ஒரு ஸ்லாட் காலி. அடுத்த மாதச் சம்பளத்தில் போடப்போகிறேன்.

கீபோர்டில் தமிழ் எழுத்து அச்சடித்திருக்காது, அது தேவையும் இல்லை. விண்டோஸ் 11-இல் தமிழ் 99 அமைப்பு உள்ளேயே இருக்கிறது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும். ஒரு வாரம் பழகிப் பார், அப்புறம் தங்கிலீஷில் தட்டவே மனம் வராது.

பேட்டரி பற்றி எனக்குப் பழைய வருத்தம் ஒன்று உண்டு. 2012-இல் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் நம் வீட்டின் முதல் கணினி. அதை இரவும் பகலும் சார்ஜிலேயே போட்டு, கட்டிலில் மெத்தைமேல் வைத்துத்தான் படித்தேன். மூன்றாவது வருஷம் பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழுச் சார்ஜும்தான் எதிரி என்று அப்போது சொல்ல யாருமில்லை. இந்த முறை தயாரிப்பாளரின் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்திருக்கிறேன். அடியில் காற்றுத்துளைகள் இருக்கின்றன, அதனால் பலகைமேல்தான் வைக்கிறேன். எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள், எனக்கு நாலரை வருகிறது. விடுதியில் ப்ளக் பாயின்ட் பக்கமாகக் கட்டில் கேள்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் வட்டில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் பிறர் படிக்க முடியாதபடி தானாகவே பூட்டப்படுகிறது. ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரர் தன் மெயிலில் கணக்குத் தொடங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல், உன் மெயிலிலேயே தொடங்கு. சாவியை ஒரு தாளில் எழுதி அம்மாவின் பீரோவில் வை.

ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் கடைக்குப் போகிறீர்களாமே. ஒரு பென் டிரைவில் நான் மெய்ப்புப் பார்க்கிற பக்கம் ஒன்றைப் போட்டுத் தருகிறேன். கடை வாசல் வெளிச்சத்தில் திறந்து, எல்லாப் புள்ளியும் தெரிகிறதா என்று எண்ணிப் பார். தெரியாவிட்டால் அடுத்ததைக் காட்டச் சொல்.

அன்புடன்,
அத்தை
ஈரோடு