ஆற்றங்கரைக்கு மக்கள் வர வேண்டுமானால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர மையத்து ஆற்றங்கரைகளை அழகுபடுத்தும் திட்டங்கள் பெரும்பாலும் நீரூற்று, வண்ண விளக்கு, கருங்கல் தளம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கடைத்தெருவுக்கும் கரைக்கும் இடையே நடந்து கடக்க முடியாதபடி விரைவுச் சாலை ஓடுமானால், எவ்வளவு செலவழித்தாலும் அங்கே மக்கள் கூட மாட்டார்கள். சியோல் நகரம் சோங்கேசோன் ஓடையின் மேலிருந்த உயர்மட்டச் சாலையையே இடித்துவிட்டு, 2005-ல் அந்த ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டது. பாரிஸ் 2016-ல் சேன் நதியின் வலக்கரைச் சாலையின் ஒரு பகுதியில் கார்களைத் தடைசெய்து, அதை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒப்படைத்தது. அத்தகைய துணிவே முதல் தேவை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது நிழல். மரமும் இருக்கையும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாத கரையில் முதியவர்களும் குழந்தைகளோடு வருவோரும் கால்மணி நேரம்கூடத் தங்க மாட்டார்கள். திட்ட வரைபடங்களில் இவை கடைசியில் இடம்பெறுவது வருத்தத்திற்குரியது. சிறு உணவுக்கடைகளுக்கும் வாரச்சந்தைக்கும் குறைந்த வாடகையில் இடமளித்தால் காலை முதல் இரவு வரை நடமாட்டம் இருக்கும், அதனால் பெண்கள் அச்சமின்றி வந்துபோகவும் முடியும்.

இவை அனைத்துக்கும் முன்பாகக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதை நிறுத்த வேண்டும். வெள்ளக் காலத்தில் நீர் பரவ வேண்டிய தாழ்நிலத்தில் நிலையான கட்டடங்களை எழுப்பவும் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்