கப்பலில் எத்தனை பேர் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் துருவப் பகுதிகளுக்குக் கப்பலில் போவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பால்கனி வைத்த அறை, சாப்பாட்டு வகைகள், நீச்சல்குளம், தவணைத் திட்டம் எல்லாம் விவரமாக இருந்தன. கப்பலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கரையில் கால் வைக்கிறார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. போய் வந்தவள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பாம்பன்காரி. அப்பா வத்தை என்ற சிறு படகு வைத்து மீன்பிடித்தவர். அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் புவியியல் நடத்தினேன். கரும்பலகையில் உலகப்படம் போட்டு, அடியில் சாக்பீஸைப் படுக்கவைத்து வெள்ளையாகத் தேய்த்து, "இது அண்டார்டிகா, இங்கே மைத்ரி, நம் நாட்டு ஆய்வு நிலையம்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறேன். 2022-ல் ஓய்வு பெற்றபோது, பணிக்கொடையில் பாதிக்கு மேல் இதற்கென்று எடுத்து வைத்தேன். 2024 ஜனவரியில் போனேன்.

எனக்கு முன்பே போனவர் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் அக்கா. அவரும் அவர் வீட்டுக்காரரும் ஒரு பயண முகவரிடம் பணம் கட்டினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஏறும் கப்பல். "அண்டார்டிகாவுக்குத்தான் போகிறது" என்று முகவர் சொன்னது பொய்யில்லை, போனது. ஆனால் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் அங்கே ஒருவரைக்கூடக் கரையில் இறக்கக் கூடாது என்பது விதி. அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பைனாகுலரில் பெங்குவினைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஊருக்கு வந்த அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அவ்வளவு தூரம் போயும் பனி எப்படிக் குளிரும் என்று தெரியாமலே வந்துட்டேன் டீ" என்பதுதான். அந்த இருவரின் வாழ்நாள் சேமிப்பு அது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே முகவரிடம்தான் நானும் முதலில் போனேன். "கரையில் இறங்கலாமா?" என்று கேட்டேன். "மேல்தளத்திலிருந்தே எல்லாம் தெரியும்மா" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் ஆறு மாதம் நானே தேடிப் படித்தேன்.

அங்கே ஒரு கரையில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது கூட இருக்க வேண்டும். ஒரு இடத்தில் ஒரு கப்பல்தான். அப்படியானால் கணக்கு எளிது. கப்பலில் 100 பேருக்குள் இருந்தால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 180 பேர் என்றால் இரண்டு அணி. ஒன்று கரையில் நிற்கும்போது மற்றது ரப்பர் படகில் மிதக்கும் பனிப்பாறைகளைச் சுற்றி வரும். 480 பேர் என்றால் ஐந்து அணி. ஒரு காலைப் பொழுதை ஐந்தால் வகுத்தால் ஒருவருக்கு என்ன மிஞ்சும்? இதனால்தான் சொல்கிறேன், அறை எத்தனை சதுர அடி என்று கேட்பதற்கு முன்னால் கப்பலில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் ஏறிய கப்பலில் 170 பேர்.

அடுத்தது நாள் கணக்கு. 11 நாள் பயணம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவில் ஏறி, டிரேக் கடலைத் தாண்ட இரண்டு நாள், திரும்பி வர இரண்டு நாள். ஏறுகிற நாள், இறங்குகிற நாளையும் கழித்தால் அண்டார்டிகாவில் கிடைப்பது ஐந்து நாள்தான். டிரேக் கடலைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், நம் ஆடி மாதத்துக் கச்சான் காற்று அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. சிறிய கப்பல் கூடுதலாகவே ஆடும். படகில் ஏறினால் நடுவில் உட்கார் என்று அப்பா சொல்வார். அதை நினைத்துக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருந்த அறையைக் கேட்டு வாங்கினேன். விலையும் குறைவு, ஆட்டமும் குறைவு. தனியாக வந்த இன்னொரு பெண்மணியோடு அறையைப் பகிர்ந்துகொண்டேன். ஒற்றை ஆளுக்கு ஓர் அறை என்றால் கட்டணம் எங்கேயோ போய்விடும். பகிர வசதி உண்டா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கரையில் இறங்கிய நாளைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். கூவர்வில் என்ற தீவு. ஜென்டூ பெங்குவின்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் இடம். கப்பலின் பக்கவாட்டுப் படியில் நின்றேன், கீழே ரப்பர் படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படகோட்டி கையை நீட்டி, "விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். நானும் உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாம்பன் கரையில் ஐந்து வயதில் என்னை வத்தையில் ஏற்றும்போது அப்பா சொன்ன அதே சொல். ஒருவர் கை வழுக்கினாலும் இன்னொருவர் பிடி இருக்கும். படகு மேலே வரும்போது காலை எடுத்து வைக்க வேண்டும், கீழே போகும்போது வைக்கக் கூடாது. அதையும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இறங்குவதற்கு முந்தின நாள் இன்னொன்று நடந்தது. கரைக்குக் கொண்டுபோகும் பை, மேலாடை, தொப்பி எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைக்கச் சொன்னார்கள். தூசி உறிஞ்சும் கருவி, பிரஷ், சிறு இடுக்கி வைத்து ஒவ்வொரு தையலாகத் துழாவினார்கள். ஊரில் கடற்கரைக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளும் துணிப்பையைத்தான் நான் எடுத்துப் போயிருந்தேன். அதன் அடித் தையலிலிருந்து, என் பையைச் சோதித்த பெண் இடுக்கியால் ஒன்றை மெல்ல உருவினாள். காய்ந்த, கூர்மையான ஒரு துண்டு, விரல்நுனி நீளம்கூட இல்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, தனுஷ்கோடி மணலில் உருண்டு திரியும் இராவணன் மீசைப் புல்லின் முள். மூடி போட்ட டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள். வெளியிலிருந்து வந்த ஒரு புல் அங்கே கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்விட்டிருக்கிறது என்று அன்று மாலை வகுப்பில் சொன்னார்கள். அந்தக் கண்டத்தின் சொந்தப் பூக்கும் தாவரம் மொத்தமே இரண்டு. வெளியிலிருந்து வந்த ஒரு விதை ஒரு மண்ணை என்ன செய்யும் என்று சீமைக் கருவேலத்தோடு வாழும் இராமநாதபுரத்துக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பறவைக் காய்ச்சல் பயம் இருந்த பருவம் அது. கரையில் உட்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவாக நம் பக்கம் நடந்து வந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். கப்பலுக்குத் திரும்பியதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் தேய்த்துக் கழுவ வேண்டும். இவ்வளவும் தொல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தோம். கடைசியில் பூவரசன்பட்டித் தீவும் விலங்குசல்லித் தீவும் தண்ணீருக்குள் போய்விட்டன. தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986-ல்தான். நம் கடலில் தாமதமாக வந்த கட்டுப்பாடு அங்கேயாவது முன்கூட்டியே இருக்கிறதே.

ஆகவே கப்பல் நிறுவனம் ஐயாட்டோ உறுப்பினரா என்று பாருங்கள். அண்டார்டிகாவுக்குப் பயணிகளை அழைத்துப்போகும் நிறுவனங்கள் 1991-ல் ஏழாகச் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. நான் சொன்ன விதிகளை நடைமுறைப்படுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சிறிய கப்பலில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2007 நவம்பரில் எக்ஸ்புளோரர் என்ற சிறிய கப்பல் தெற்கு ஷெட்லாந்து தீவுகள் அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்காகக் கிடந்து, வேறொரு கப்பலால் காப்பாற்றப்பட்டார்கள். துருவக் கடல் கப்பல்களுக்கான சர்வதேச விதிகள் 2017 முதல் நடைமுறையில் உள்ளன. பனியைத் தாங்கக் கட்டிய கப்பலா, கப்பலில் மருத்துவர் உண்டா, அவசரத்துக்கு அங்கிருந்து வெளியே கொண்டுவரும் செலவைக் காப்பீடு தாங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த இடத்தில் கட்டாயம் இறங்குவோம் என்று எந்த முகவராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். எங்களுக்கே இரண்டு இறக்கம் காற்றினால் ரத்தானது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரைக்காரர்கள் நாம். கடலின் பேரில் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

கட்டுரையில் ஒரு திருத்தமும் வேண்டும். பனிக்கரடியையும் பெங்குவினையும் ஒரே பயணத்தில் பார்ப்பது போல எழுதியிருந்தது. கரடி வடக்கே, பெங்குவின் தெற்கே. கரடி பார்க்க விரும்புகிறவர்கள் நார்வேயின் ஸ்வால்பார்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது. கரடியிலிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

நம் பக்கத்து ஊர்களில் இப்போது ஓய்வு பெறுகிறவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இந்தப் பயணங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் பத்திரிகையைத்தான். இனி இப்படி ஒரு கட்டுரையோ விளம்பரமோ வெளியிட்டால், கட்டணத்துக்குப் பக்கத்திலேயே கப்பலில் ஏறும் பயணிகளின் எண்ணிக்கையையும், கரையில் இறங்க முடியுமா முடியாதா என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.